எரிமலைத் தங்கமும் கன்னியா வெந்நீரும்: செட்டியார் தெருவிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறையில் வேலை செய்கிறீர்கள். உங்கள் பெரியம்மாவின் மகன் இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவில், ஒரு தங்கச் சுரங்கத்தில் இருக்கிறார். வெள்ளையும் சாம்பலுமாக வரி வரியாக உள்ள ஒரு கல்லைப் படம் பிடித்து அனுப்பி, "இது எரிமலைத் தங்கம், வெள்ளியும் இதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைக் கேட்ட உங்களுக்குத் தெரிந்த ஒருவர், திருகோணமலையில் கன்னியாவுக்குக் கிட்ட உள்ள ஒரு காணியில் தங்கம் இருப்பது நிச்சயம், அங்கே வெந்நீர் வருவதே அதற்குச் சாட்சி என்று சொல்லிப் பங்குக்குக் காசு சேர்க்கிறார். எரிமலைக் குழம்பில் தங்கம் இருக்கிறதா, வெள்ளி ஏன் அதனுடன் கூடவே வருகிறது, நம் நாட்டிலும் அப்படி இருக்குமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்ட வரையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நிலத்திலிருந்து சூடான நீர் வந்தால் அதன் அடியில் தங்கம் இருக்கும் என்று நம்பலாமா? அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு, பசிபிக் கரையோரத்து எரிமலை நாடுகளில் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளைப் பிளந்து பார்த்து விவரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வேலை என் துறை அல்ல. அந்தப் பக்கத்தை அளவோடுதான் தொடுவேன்.

முதலில் எரிமலைக் குழம்பு. எந்தச் சாதாரணப் பாறையை எடுத்தாலும் அதில் தங்கம் இருக்கிறது, ஆனால் ஒரு தொன்னுக்குச் சில மில்லிகிராம் மட்டும். வெள்ளி அதைவிடப் பல மடங்கு அதிகம். அதுவும் தொன்னுக்குப் பத்துக் கணக்கான மில்லிகிராம்தான். எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த ஆண்டசைட்டும் ரயோலைட்டும் இதற்கு விலக்கல்ல. சுரங்கம் வெட்டிக் கட்டுப்படியாக வேண்டுமானால் தொன்னுக்கு ஒரு கிராமாவது வேண்டும், நிலத்தடிச் சுரங்கத்துக்கு அதைவிடக் கூட. அதாவது இயற்கை எங்கோ பரந்து கிடக்கும் தங்கத்தை ஆயிரம் மடங்கு ஒரே இடத்தில் திரட்ட வேண்டும். குழம்பு ஆறி உறைவதால் மட்டும் அது நடப்பதில்லை. திரட்டுவது நீர். எரிமலை அந்த நீருக்குச் சூட்டைக் கொடுக்கிறது, ஓட வெடிப்புகளைக் கொடுக்கிறது, கந்தக வாயுவைக் கொடுக்கிறது. உங்கள் அண்ணன் "எரிமலைத் தங்கம்" என்று சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தத் தங்கம் எரிமலை கக்கி வெளியே வந்ததல்ல. எரிமலையின் வயிற்றுக்குள் சுற்றிய வெந்நீர் போட்டுவிட்டுப் போனது.

அது நடக்கும் விதம் இது. எரிமலைக்குக் கீழே சில கிலோமீற்றர் ஆழத்தில் பாறைக் குழம்பு தங்கியிருக்கும். மேலே பெய்யும் மழைநீர் வெடிப்புகள் வழியாக இறங்கிச் சூடேறும். கீழே குழம்பிலிருந்து நீராவி, காபனீரொட்சைட்டு, கந்தக வாயுக்கள், குளோரைட்டு ஆகியவை ஏறி வந்து அதனுடன் கலக்கும். இப்படிச் சேர்ந்த நீர் 250, 300 பாகை செல்சியஸ் சூட்டிலும் திரவமாகவே இருக்கும், ஏனென்றால் தலைக்கு மேல் நிற்கும் நீரின் பாரம் அதைக் கொதிக்க விடாது. தூய நீரைக் கணக்கிட்டால், 250 பாகை நீர் கொதிக்காமல் இருக்க ஏறக்குறைய 450 மீற்றர் நீர்த்தம்பம் மேலே வேண்டும். 300 பாகைக்கு ஒரு கிலோமீற்றருக்கும் மேலே வேண்டும். தங்கம் நீரில் கரையாது என்று பட்டறையில் பழகியவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கலாம்: அந்தச் சூட்டில் ஐதரசன் சல்பைட்டு, அதாவது அழுகிய முட்டை மணக்கும் அந்த வாயு, நீரில் கரைந்திருந்தால், தங்கம் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு கரைந்து பயணிக்கும். அளவு சொற்பம். ஆனால் நீர் ஓய்வதில்லை.

கரைந்த தங்கம் எங்கே இறங்குகிறது? நீர் மேலேறி, பாரம் குறைந்து, கொதிக்கத் தொடங்கும் மட்டத்தில். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் உள்ளே வெள்ளைப் படிவு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது, அது பிடித்து வைத்திருந்த சுண்ணாம்பு நீரில் நிற்க முடியாமல் படிகிறது. எரிமலைக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. காபனீரொட்சைட்டு போனதும் கல்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் மெல்லிய தகடுகளாகப் படிகிறது. ஐதரசன் சல்பைட்டும் ஆவியோடு போய்விடுகிறது, அதைப் பற்றிக்கொண்டு வந்த தங்கம் கைவிடப்பட்டு வெடிப்பின் சுவரில் விழுகிறது. நீர் திடீரென்று குளிர்வதால் கரைந்திருந்த சிலிக்காவும் சேர்ந்து படிந்து வெடிப்பை அடைத்துவிடும். அடைபட்டதும் உள்ளே அமுக்கம் ஏறும். ஒரு நிலநடுக்கமோ அந்த அமுக்கமோ அடைப்பை உடைக்கும், மறுபடி கொதிக்கும், மறுபடி படியும். உங்கள் அண்ணன் அனுப்பிய கல்லில் தெரியும் ஒவ்வொரு வரியும் இப்படி ஒரு தடவை என்று ஏறக்குறைய சொல்லலாம். எல்லா வரியிலும் தங்கம் இருக்காது. பெரும்பாலும் மெல்லிய, கருமை கலந்த சில வரிகளில்தான் அது இருக்கும்; வெள்ளையாகப் பளபளக்கும் அழகான வரிகள் வெறும் குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. புதிதாக வேலைக்கு வருபவர்களின் கண் எப்போதும் அந்த அழகான வெள்ளைக்குத்தான் போகும்.

இதெல்லாம் ஊகம் என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் கண்முன்னே நடப்பதைக் காட்டலாம். நியூசிலாந்தின் ஓஹாக்கியில் மின்சாரம் எடுக்க வெந்நீர்க் கிணறுகள் துளைத்தார்கள். கிணற்று வாயில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் உலோகத் தகடுகளில் ஒரு படிவு ஒட்டியது. அதைப் பரிசோதித்தபோது தங்கமும் வெள்ளியும் நூற்றுவீதக் கணக்கில் இருந்தன. நீர் ஆவியாக உடையும் அதே இடத்தில், இரும்பிலே, மனிதர் கண் பார்க்க. அதே நாட்டின் வையோட்டாப்பு வெந்நீர்க் குளத்தில் கரையெல்லாம் செம்மஞ்சளாக ஆசனிக்கு, அந்திமனிச் சல்பைட்டுகள் படிகின்றன. அந்தப் படிவுக்குள்ளும் தங்கமும் வெள்ளியும் உண்டு. என் மனதில் ஆழப் பதிந்தது பப்புவா நியூகினியின் லிஹிர் தீவு. அங்கே ஒரு எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து விழுந்தது. ஆழத்தில் பெரும் பாரத்தின் கீழிருந்த சூடான நீரின் மேலிருந்து அந்தப் பாரம் ஒரே நாளில் விலகியதைப் போன்ற நிலை. அதன் பிறகு அங்கே திரண்ட தங்கம் ஆயிரம் தொன்னுக்கு மேல். இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள ஆழ்நீரை எடுத்து அளந்து 2006இல் வெளியிட்டார்கள்: ஒரு தொன் நீரில் 15 மில்லிகிராம் தங்கம். அந்த நீர் இன்று ஓடும் வேகத்தில் ஆண்டுக்கு 24 கிலோ தங்கம் மேலே வருகிறது. அவர்கள் கணக்கில் முழுப் படிவும் உருவாக 55,000 ஆண்டுகள் போதும். புவிச்சரிதத்தில் அது ஒரு கண்ணிமை. 

இனி வெள்ளி. உங்கள் கைக்கு வரும் தங்கம் சுத்திகரித்து, அளவாகக் கலந்து, 916 என்று முத்திரை குத்தி வருவது. எரிமலை நாளத்திலிருந்து, அதாவது இப்படிப் படிவு நிறைந்து அடைபட்ட வெடிப்பிலிருந்து, நேரே எடுத்த தங்கத்தை உரைகல்லில் உரைத்தால் மாற்றுக் குறைந்து வெளிறித்தான் தெரியும், ஏனென்றால் அதனுள் வெள்ளி ஏற்கனவே கரைந்திருக்கிறது. நூற்றுக்கு முப்பது பங்கு வெள்ளி என்பது இவ்வகைச் சுரங்கங்களில் சர்வசாதாரணம். உங்கள் கணக்கில் அது 17 கரட்டுக்குச் சற்றுக் கீழே. வெள்ளி நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் அந்த இயற்கைக் கலவைக்கு எலெக்ட்ரம் என்று பெயர். காரணம் அணுவிலேயே இருக்கிறது. தங்கமும் வெள்ளியும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே நிரலைச் சேர்ந்தவை, அணுவின் பருமனும் அநேகமாக ஒன்றே, பளிங்கு அமைப்பும் ஒன்றே. அதனால் எந்த விகிதத்திலும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். செம்பு அதே நிரலில் இருந்தாலும் அணு சிறியது, இயற்கையில் இப்படித் தாராளமாகச் சேர்வதில்லை.

ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுரங்கத்துக்குச் சுரங்கம் விகிதம் மாறுவதன் இரகசியம் அதில்தான் இருக்கிறது. தங்கம் முக்கியமாகக் கந்தகத்தோடு பயணிக்கிறது. வெள்ளிக்குக் கந்தகமும் சரி, குளோரைட்டும் சரி. நீரில் உப்புச் செறிவு கூடினால் வெள்ளி ஏராளமாகக் கரைந்து வரும், அதோடு ஈயமும் நாகமும் (துத்தநாகம்) சேர்ந்து வரும். மெக்சிக்கோவின் பச்சூக்கா, பிரெஸ்னியோ போன்ற பெரும் வெள்ளிச் சுரங்கங்கள் அந்த வகை. உப்புக் குறைந்து கந்தகம் மிகுந்த நீரானால் தங்கம் முந்தும். மேற்கு ஜாவாவின் பொங்கோர் நாளங்களில் எடைக்கு எடை பார்த்தால் தங்கத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெள்ளி இருக்கிறது. அவ்வளவு வெள்ளியும் எலெக்ட்ரத்துக்குள் அடங்காது. மிச்சம் அகன்தைட் முதலிய கறுத்த வெள்ளிச் சல்பைட்டுகளாக நிற்கும். மேலே கருமை கலந்த வரி என்று சொன்னேனே, அந்தக் கருமையில் ஒரு பங்கு இதுதான். அமெரிக்காவின் நெவாடாவில் 1859இல் தங்கம் அரித்தவர்கள் தொட்டியை அடைத்த நீலக் கருஞ்சேற்றைச் சபித்து அள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள். யாரோ அதைப் பரிசோதனைக்கு அனுப்ப, அது செறிந்த வெள்ளித் தாது என்று தெரியவந்தது. கொம்ஸ்டொக் என்று உலகப் புகழ் பெற்ற வெள்ளி நாளம் அப்படித்தான் வெளிப்பட்டது.

மறுபக்கத்துக்கு உதாரணம் ஜப்பானின் ஹிஷிகாரி. கியூஷூ தீவில் ககோஷிமா மாவட்டத்தில் 1981இல் கண்டுபிடித்து, 1985 முதல் தாது எடுக்கிறார்கள். உலகின் பெரிய சுரங்கங்கள் பல தொன்னுக்கு மூன்று, நான்கு கிராமில் ஓடும்போது இங்கே 20 கிராம் அளவில் கிடைக்கிறது. இதுவரை 250 தொன்னுக்கு மேல் தங்கம் வந்திருக்கிறது. நாளங்கள் ஏறக்குறைய பத்து இலட்சம் ஆண்டு வயதுடையவை, நம் கணக்கில் குழந்தை. மேலே ஆண்டசைட் எரிமலைப் பாறை, அதன் கீழே கடலடியில் படிந்து மடிந்த பழைய மண்கல். செறிந்த தாதுவின் பெரும்பகுதி அந்தப் பழைய பாறைக்குள் இறங்கி நிற்கிறது. எரிமலைப் பாறைதான் தங்கத்தின் தாய் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல மறுப்பு. நீருக்கு வேண்டியது வெடிப்பும் சரியான ஆழமும். பாறை எதுவானாலும் அது தன் வேலையைச் செய்யும். சுரங்கத்துக்குள் இன்றும் 65 பாகை வெந்நீர் ஊறுகிறது. அதை இறைக்காமல் வேலை செய்ய முடியாது. இறைத்ததில் ஒரு பகுதியை அருகிலுள்ள வெந்நீர்க் குளிப்பிடங்களுக்குக் கொடுக்கிறார்கள். வெந்நீரும் தங்கமும் ஒரே இடத்தில் இருப்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. உங்களிடம் காசு கேட்பவரும் இப்படி ஒன்றை எங்கோ வாசித்திருக்கக்கூடும்.

இன்னொரு வகையும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழம்பிலிருந்து வரும் கந்தக ஈரொட்சைட்டும் ஐதரசன் குளோரைட்டும் மழைநீரில் அதிகம் கலக்காமல் நேரே மேலேறினால், வழியில் கந்தக அமிலம் உண்டாகும். அது பாறையை அரித்து, சிலிக்கா எலும்புக்கூட்டை மட்டும் விட்டுச் செல்லும். அந்தத் துளைகளுக்குள் பின்னால் வரும் நீர் தங்கத்தையும் செம்பையும் வைக்கும். பெருவின் யனகோச்சா, டொமினிக்கன் குடியரசின் புவெப்லோ வியேஹோ ஆகியவை இந்த வகை. உங்கள் அண்ணனின் கல்லில் வரிகள் இருப்பதால் அது இந்த அமில வகை இல்லை என்று படுகிறது.

எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வெந்நீர் தங்கத்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது, கொதிப்பு அதை இறக்குகிறது, வரி வரியான நாளங்களில் உள்ள நீரில் பெரும்பங்கு மழைநீர்: இவற்றில் பெரிய சண்டை இல்லை. நீரின் ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளை, அதாவது ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்து மழைநீர்ப் பங்கைக் கண்டார்கள். படிகங்களுக்குள் சிறைப்பட்ட நீர்த்துளிகளைச் சூடாக்கிப் பார்த்து அக்காலச் சூட்டைக் கண்டார்கள். ஆனால் அந்தத் தங்கம் முதலில் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு பக்கமும் திறமான ஆட்கள் நிற்கிறார்கள். நேரே குழம்பிலிருந்து என்று ஒரு சாரார். வழியில் உள்ள பாறைகளிலிருந்து நீர் கழுவி எடுத்தது என்று மற்றச் சாரார். லிஹிரைப் பார்த்த பிறகு நான் முதல் பக்கம் சாய்கிறேன், குறைந்தது பெரிய படிவுகளுக்கு. இன்னொன்று, சில நாளங்களில் தொன்னுக்குக் கிலோக்கணக்கில் தங்கம் திரண்டிருக்கும். கரைந்து வந்த சொற்ப தங்கத்தால் அந்தச் செறிவை விளக்குவது கடினம். கனடாவின் புரூஸ்ஜாக் சுரங்கத்து நாளங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, தங்கம் நுண்ணிய துணிக்கைகளாக நீரில் மிதந்து வந்து ஒன்றுசேர்ந்து படிந்ததற்கான தடயத்தைக் காட்டியது. எத்தனை சுரங்கங்களுக்கு இது பொருந்தும் என்பது இனித்தான் தெரியும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மேலே சொன்ன முழு வேலையும் நிலமட்டத்திலிருந்து ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்துக்குள் நடந்து முடிகிறது. எரிமலை நாடு என்றால் மலை உயரும், மழை அரிக்கும். சில கோடி ஆண்டுகளில் அந்த மேல் ஒரு கிலோமீற்றர் கழுவப்பட்டு ஆற்றோடு போய்விடும். அதனால்தான் இவ்வகைச் சுரங்கங்களில் பெரும்பாலானவை புவிச்சரிதத்தில் இளையவை. மண் மூடிப் பாதுகாத்த இடங்களில் மட்டும் பழையவை தப்பியிருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள பஜிங்கோ 30 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. இலங்கையோ இந்த விஷயத்தில் மறுமுனையில் நிற்கிறது. நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு ஆதிகால உருமாறிய பாறை. யாழ்ப்பாணமும் வடமேற்குக் கரையும் சுண்ணாம்புக்கல், தப்போவை, ஆண்டிகமை போன்ற இடங்களில் சிறு யுராசிக் படிவுகள், அவ்வளவுதான் மிச்சம். மலைநாட்டில் நீங்கள் காணும் சார்னொகைட், சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதே இனப் பாறை, 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், 25 கிலோமீற்றருக்கும் கீழே வெந்தது. அது இன்று ஹட்டன் வீதியோரத்தில் தெரிகிறது என்றால் அதன் மேலிருந்த 25 கிலோமீற்றர் பாறையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலத்தில் மேலே எரிமலை இருந்திருக்கலாம், வெந்நீர் நாளங்களும் இருந்திருக்கலாம். அவை இருந்த மட்டம் முழுவதும் எப்போதோ கடலுக்குப் போய்விட்டது.

அப்படியானால் கோலார் எப்படி என்று கேட்பீர்கள். நம் ஆக்களில் பலருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும், எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிலத்தடியில் உழைத்தன. 2001இல் மூடும்போது அதன் ஆழம் மூன்று கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. அங்குள்ள பாறையும் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்புதான், 270 கோடி ஆண்டு அளவில் பழையது. ஆனால் தங்கம் வந்தது வேறு வழியில்: மலைகள் உருவாகும்போது பாறைகள் நசுங்கிச் சூடேறி, அவற்றுக்குள் இருந்த நீர் பிழிந்து வெளியேறி, பல கிலோமீற்றர் ஆழத்திலேயே பெரும் பிளவுகள் வழியே ஏறித் தங்கத்தை வைத்தது. அவ்வளவு ஆழத்தில் வைத்ததால்தான் அரிப்புக்குத் தப்பியது. அந்தத் தங்கத்தில் வெள்ளி குறைவு. எரிமலைப் பாறையில் தங்கம் என்ற ஒரே சொற்றொடருக்குள் இந்த இரண்டு கதையும் ஒளிந்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். இலங்கைப் பாறை கோலாரைவிடவும் ஆழத்தில், சூட்டில் வெந்தது. அந்த நிலையில் பாறையிலிருந்த நீரின் பெரும்பகுதி ஏற்கனவே வெளியேறியிருக்கும்.

கன்னியாவுக்கு வருகிறேன். அங்குள்ள ஏழு கிணறுகளிலும் நீர் 40 பாகையை அண்டிய சூடு. மகாஓயாவில் இன்னும் கூட, 55 பாகை அளவு. நாட்டில் உள்ள வெந்நீரூற்றுகள் பலவும் கிழக்குத் தாழ்நிலப் பாறைத்தொகுதியும் மலைநாட்டுப் பாறைத்தொகுதியும் சந்திக்கும் எல்லைக்கு அண்மையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. எங்கே துளைத்தாலும் ஆழம் போகப் போகச் சூடு ஏறும், கிலோமீற்றருக்கு 25, 30 பாகை என்பது சாதாரணம். மழைநீர் ஆழமான வெடிப்பொன்றில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் இறங்கி, சூடேறி, இன்னொரு வெடிப்பால் விரைவாக மேலே வந்தால் கன்னியா போன்ற ஊற்று கிடைக்கும். அதற்கு எரிமலை தேவையில்லை. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள்: எரிமலைத் தொகுதியில் 450 மீற்றரிலேயே 250 பாகை நீர் இருக்கலாம். இங்கே அந்தச் சூட்டை எட்ட எட்டுக் கிலோமீற்றர் அளவு இறங்க வேண்டும். வழியில் கொதிப்பு இல்லை, போதிய கந்தகம் இல்லை. தங்கத்தைக் கரைக்கவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை. சிலிக்காப் படிவு, ஆசனிக்கு, அந்திமனி, பாதரசம் போன்ற அடையாளங்கள் தங்கத்தின் மேல்மட்டத்தில் தெரிய வேண்டும். ஒரு தேடல் புவிச்சரிதவியலாளர் முதலில் தேடுவது அவற்றைத்தான். வெந்நீர் மட்டும் அடையாளமாகாது.

இலங்கையில் தங்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆற்று மணலிலும் இரத்தினச் சரளையிலும் நுண்ணிய தங்கத் துகள்கள் கிடைத்ததுண்டு. திருகோணமலை மாவட்டத்திலேயே சேருவிலையில் 1971இல் செம்பும் மக்னடைட் இரும்பும் சேர்ந்த தாதுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. உலோகத் தாதுவுக்கு இந்த நாட்டில் உருப்படியான உதாரணம் அதுதான். அதுவும் எரிமலை வெந்நீர் வகை அல்ல. இந்த நாட்டின் கனிமங்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியிருக்கிறார்கள். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கலை வரலாற்றுக்காகப் புகழ் பெறுவதற்கு முன்பு இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர்; தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. அன்றிலிருந்து இன்று வரை இலங்கை தந்தது காரீயம் (பென்சில் கரி), இரத்தினம், புல்மோட்டை இல்மனைட். எரிமலை நாளத் தங்கம் எங்கும் தென்படவில்லை. நான் சொன்ன காரணத்தால் தென்படவும் இடமில்லை.

காசு கேட்பவரிடம் என்ன கேட்பது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி நிலத்தடிக் கனிமம் அரசுக்குச் சொந்தம். காணி உறுதி கையில் இருந்தாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தேடவோ தோண்டவோ முடியாது. பிட்டகோட்டேயில் உள்ள புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்தான் அதைக் கொடுக்கும். தேடல் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பணியகத்தில் நேரே விசாரியுங்கள். அடுத்து, பரிசோதனை அறிக்கை. தங்கத் தாதுவுக்கு நம்பத்தக்க பரிசோதனை நெருப்புப் புடம்தான்: பொடித்த தாதுவை ஈய ஒட்சைட்டோடு உருக்குவார்கள், ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் திரட்டிக்கொள்ளும். பிறகு ஈயத்தை ஊதிப் போக்கினால் ஒரு சிறு மணி மிஞ்சும். அதை நைத்திரிக் அமிலத்தில் போட்டு வெள்ளியைக் கரைத்து, மிஞ்சிய தங்கத்தை நிறுப்பார்கள். உங்கள் பட்டறைக்கு இந்த முறை புதிதல்ல, அறிக்கையை வாசித்தால் உங்களுக்கே விளங்கும். மாதிரியை யார் எடுத்தது, எந்த ஆழத்தில், எத்தனை இடத்தில், எந்த ஆய்வுகூடம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மண்ணை ஒரு போத்தலில் போட்டுக் காட்டுவது சான்று ஆகாது. காணிக்குள் மஞ்சளாக மின்னும் கல் காட்டினால் ஊசியால் கீறியும் சுத்தியலால் தட்டியும் பாருங்கள். தங்கம்போல் மின்னும் பைரைட் என்ற இரும்புச் சல்பைட்டு உடைந்து கறுத்த பொடியாகும். தங்கம் நசுங்கித் தகடாகும். அபிரகம் (மைக்கா) மெல்லிய ஏடுகளாக உரியும், கன்னியாப் பக்கத்துப் பாறையில் அது தாராளம்.

உங்கள் அண்ணனின் கல்லைப் பற்றி ஒரு படத்தை வைத்து அதில் எவ்வளவு தங்கம் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வரிகளின் அமைப்பும், ஒரு மூலையில் தகடு தகடாகத் தெரியும் குவார்ட்ஸும் கொதித்த நீரின் வேலை என்று படுகிறது. அந்தத் தகடுகள் முதலில் கல்சைட்டாக இருந்து பின்னர் குவார்ட்ஸாக மாறியவை. அவரிடம் கேட்க வேண்டியது: அந்தக் கல் சுரங்கத்தின் எந்த மட்டத்திலிருந்து வந்தது, அந்த மட்டத்தில் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் விகிதம் என்ன, கீழே போகப் போக ஈயமும் நாகமும் கூடுகின்றனவா. இந்த மூன்றும் தெரிந்தால் அந்த நாளம் தன் கொதிமட்டத்துக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதை ஓரளவு சொல்லலாம். பதில் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.